ராக்கெட் நேரலையைச் சொதப்பாமல் கொண்டுபோவது எப்படி: செய்தி டெஸ்க்குக்கான முழு வழிகாட்டி

செய்திச் சேனலில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒரு ராக்கெட் ஏவுதலைக் கொடுத்துப் பாருங்கள். அவர் முதலில் தேடுவது அதிரடிப் பின்னணி இசையையும் சுழலும் பூமி கிராஃபிக்ஸையும்தான். அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை, செய்யாமலே விட்டாலும் குறையில்லை. இந்த வகை நேரலைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒளிபரப்பின்போது இல்லை, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், படிக்கவேண்டியதைப் படிக்காமலும் கேட்கவேண்டியதைக் கேட்காமலும் விட்டதால்தான்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படியைச் செய்யாமல் நான்காவதுக்குப் போனால் நான்காவதையும் திரும்பச் செய்யவேண்டி வரும். உங்களுக்கு முன்கூட்டியே தேவைப்படுபவை: விண்வெளி நிறுவனம் வெளியிடும் பயணக் கையேடு, நேரலை ஃபீட் (அவர்கள் அனுப்பும் படமும் ஒலியும்) விவரம், நிறுவனத்தின் தகவல் தொடர்பு ஆள் ஒருவரின் நம்பர், விஷயம் தெரிந்த ஒரு விருந்தினர், பி.சி.ஆரில், அதாவது ஒளிபரப்பை இயக்கும் அறையில், ஒரு மணிநேர ஒத்திகை. பட்ஜெட் இதற்குப் பெரிதாகத் தேவையில்லை.

1. எது வெற்றி என்று முதலில் எழுதிவையுங்கள்

ரன்டவுன், அதாவது நிகழ்ச்சி வரிசை, போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் பயணத்தின் வேலை என்ன? அந்த வேலை எப்போது முடிகிறது, சில நிமிடத்திலா, சில மாதத்திலா? பாதியில் ஏதாவது கெட்டால் மிச்சம் என்ன உயிரோடு இருக்கும்?

ராக்கெட் புகை கக்கிக்கொண்டு மேலே போனதும் 'வெற்றி' என்று பிரேக்கிங் போட நம் கை தானாகவே போகும். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி-டி1 அழகாகத்தான் கிளம்பியது. ஆனால் செயற்கைக்கோள்கள் போய்ச் சேர்ந்தது 356 கிமீ வட்டப் பாதையில் அல்ல, ஒரு பக்கம் 356 கிமீ, இன்னொரு பக்கம் 76 கிமீ என்ற நீள்வட்டப் பாதையில். 76 கிமீ உயரத்தில் காற்றின் இழுவை போதும், கோள் சுற்றில் நிற்காது. அந்த இரண்டு கோள்களும் பயன்படாது என்று இஸ்ரோ அறிவித்தபோது பல இடங்களில் வாழ்த்துச் செய்தி ஓடி முடிந்திருந்தது.

2025 ஜனவரி 29-ல் ஜிஎஸ்எல்வி-எஃப்15 வேறு மாதிரி. ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதல், ராக்கெட் தன் வேலையைச் சரியாகவே செய்தது, என்விஎஸ்-02 என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளும் பிரிந்தது. அதற்குப் பிறகு கோள் தன் இன்ஜினை இயக்கித் தன் பாதையை உயர்த்திக்கொள்ள வேண்டும். வால்வு திறக்காததால் அது நடக்கவில்லை. இங்கே 'ஏவுதல் வெற்றி' என்பது சரி. 'பயணம் வெற்றி' என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் தப்பு. இந்த இரண்டு சொற்றொடருக்கும் உள்ள வித்தியாசத்தை டிக்கர் (திரையின் அடியில் ஓடும் எழுத்து) அடிப்பவர் வரைக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

தலைகீழான தவறும் உண்டு. 2019 செப்டம்பர் 7 அதிகாலை விக்ரம் லேண்டரோடு தொடர்பு அறுந்ததும் 'சந்திரயான்-2 தோல்வி' என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, அதன் பிறகு பல வருடமும் பார்த்தது. மூன்றாவது கேள்வி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

2. நிகழ்வு அட்டவணை போடுங்கள், நான்கு பத்தியோடு

எல்லோரும் அட்டவணை போடுகிறார்கள், ஆனால் நேரம், நிகழ்வு என்று இரண்டு பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு நான்கு வேண்டும்: என்ன நடக்கும், எப்போது நடக்கும், நடந்தது நமக்கு எப்போது தெரியும், யார் சொன்னால் தெரியும்.

மூன்றாவது பத்தியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். நிலவிலிருந்து சிக்னல் வர ஒரு வினாடிக்குச் சற்று மேல், அதை மறந்துவிடலாம். செவ்வாய் அப்படியில்லை. 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் அங்கே இறங்கியபோது ஒருவழிப் பயணத்துக்கே சிக்னலுக்கு 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. வளிமண்டலத்தில் நுழைந்து தரையைத் தொட எடுத்ததோ சுமார் 7 நிமிடம். அதாவது 'நுழைந்துவிட்டது' என்ற செய்தி பூமிக்கு வரும்போது ரோவர் ஏற்கெனவே தரையில், நல்லபடியாகவோ நொறுங்கியோ, கிடந்தாக வேண்டும். இது ஆங்கருக்குத் தெரியாவிட்டால் 'விஞ்ஞானிகள் இப்போது ரோவரை வழிநடத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொல்வார். யாரும் வழிநடத்த முடியாது, எல்லாம் தானியங்கி. உண்மையில் அந்தக் கையறுநிலைதான் அந்த 7 நிமிடத்தின் சுவாரஸ்யமே, அதைச் சொல்லாமல் விடுவது நஷ்டம்.

நான்காவது பத்தியில் 'பயணக் கட்டுப்பாட்டு அறையின் குரல்', 'நிறுவனத் தலைவரின் அறிவிப்பு', 'நிறுவனத்தின் சமூக ஊடகப் பதிவு' என்று எழுதுங்கள். 'கைத்தட்டல்' என்று எழுதாதீர்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தட்டுவார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று தெரியாமல் அதை உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

நேரத்தை மாற்றும்போது முதலில் உலகப் பொது நேரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உங்கள் நேரத்துக்கு வாருங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரத்திலிருந்து நேராகக் கணக்குப் போட்டால் கோடைகால ஒரு மணிநேரம் காலை வாரும். தேதியையும் சேர்த்து எழுதுங்கள். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் கடலில் இறங்கியது 2025 மார்ச் 18 மாலை அமெரிக்காவில், இந்திய நேரப்படி மார்ச் 19 அதிகாலை. ஒரே சேனலில் டிக்கரில் ஒரு தேதியும் ஆங்கர் வாயில் இன்னொரு தேதியும் வருவது இப்படித்தான்.

அட்டவணை நேரத்துக்கு முன்பேகூடச் சில விஷயம் நடக்கும். ஆக்ஸியம்-4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா இருந்த டிராகன் கலம் 2025 ஜூன் 26 அன்று திட்டமிட்டதைவிடச் சீக்கிரமாகவே விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. எனவே முக்கிய நிகழ்வுக்கு முந்தைய 45 நிமிடத்தில் விளம்பர இடைவேளையே வைக்காதீர்கள் என்று மார்க்கெட்டிங்கிடம் முன்கூட்டியே சண்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, இணைவது வேறு, கதவு திறந்து உள்ளே போவது வேறு, நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். இரண்டும் அட்டவணையில் தனித்தனி வரி.

3. ஃபீட் எங்கிருந்து, எவ்வளவு தாமதத்தோடு வருகிறது?

உங்களுக்குக் குறைந்தது இரண்டு வழி வேண்டும்: சாட்டிலைட் அல்லது நேரடி ஃபீட் ஒன்று, இணையம் வழி இன்னொன்று. இரண்டாவது வெறும் காப்பு. யூடியூப் நேரலை நிஜத்தைவிடப் பத்து இருபது வினாடியோ அதற்கு மேலோ பின்தங்கி ஓடும்.

இந்தத் தாமதத்தை ஒத்திகையில் அளந்து தாளில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும்? தளத்தில் நிற்கும் ரிப்போர்ட்டர் 'கிளம்பிவிட்டது' என்று கத்துவார், திரையில் கவுன்ட்டவுன் 14 காட்டும், ஆங்கர் கையிலுள்ள போனில் 22 ஓடும். பார்க்கிறவர்கள் வீட்டில் சிரிப்பார்கள். தீர்வு எளிது: திரையில் எந்த ஃபீட் ஓடுகிறதோ அதுதான் நேரம், மற்ற எல்லோரும் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆங்கரின் போனை வாங்கி வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டரின் மைக்கை ஏவுதலுக்கு முந்தைய ஒரு நிமிடம் மூடிவையுங்கள்.

அடுத்தது கிளீன் ஃபீட் கேளுங்கள், அதாவது நிறுவனத்தின் எழுத்தும் லோகோவும் இல்லாத படம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உங்கள் டிக்கர், பிளேட் (திரையில் விழும் எழுத்துப் பட்டை), லோகோ எல்லாம் நிறுவனத்தின் எண்கள் ஓடும் இடத்தை மறைக்கிறதா என்று பாருங்கள். கட்டாயம் மறைக்கும். வேகமும் உயரமும் அநேகமாகத் திரையின் அடியில்தான் வரும், நம் சேனல்களில் திரையின் கீழ்ப் பாதியே டிக்கர்தான். படத்தைச் சுருக்கி மேலே ஏற்றுங்கள், அல்லது அந்த அரை மணிநேரத்துக்கு டிக்கரை நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் சரி என்பது என் கட்சி.

உரிமை விஷயம் சுருக்கமாக: நாசாவின் சொந்தப் படங்களைச் செய்திக்குப் பயன்படுத்துவதில் பொதுவாகச் சிக்கலில்லை. தனியார் ஏவுதல் நிறுவனங்களின் ஃபீடுக்கு விதி வேறு. நாசா நிகழ்ச்சியிலேயே தனியார் படம் கலந்து வரலாம் என்பதால் செய்தியும் படமும் வாங்கும் இன்புட் டெஸ்க் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

4. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடையாளம்

திரையில் வரக்கூடிய படங்கள் நான்கு வகை: நேரலைக் கேமரா, நேரலைத் தரவால் ஓடும் அனிமேஷன், முன்பே செய்த அனிமேஷன், பழைய பயணத்தின் படம். நான்கும் பார்க்கிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் நான்குக்கும் தனித்தனி சூப்பர் (படத்தின்மேல் வரும் எழுத்து) தயாராக இருக்கவேண்டும்: 'நேரலை', 'தரவு வழி வரைகலை', 'சித்தரிப்பு', 'பழைய படம்' என்று. கடைசி ஒன்றோடு வருடத்தையும் போடுங்கள்.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது எல்லோரும் திரையில் பார்த்தது கேமராப் படம் இல்லை. லேண்டர் அனுப்பிய தரவை வைத்து ஓடிய வரைகலை. அதை 'நிலவிலிருந்து நேரடிக் காட்சிகள்' என்று சொன்னவர்கள் உண்டு. அது ஒன்றும் சின்னக் குறை அல்ல. 'இறங்கும் வீடியோவைப் பார்த்தோமே' என்று நம்பிய பார்வையாளர், பிறகு உண்மையான படம் வெளியானபோது குழம்பிப்போனார். நிலவில் ஏதும் நடக்கவில்லை, எல்லாம் கிராஃபிக்ஸ் என்று கதை கட்டுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம்தான் தீனி.

ஒத்திகைக்கு முந்தைய நாளே லைப்ரரியில் எந்த விஷுவல் எந்த ராக்கெட் என்று பெயர் போட்டு வையுங்கள். பிஎஸ்எல்வியைப் பற்றிப் பேசும்போது எல்விஎம்3 ஓடுவது அவ்வளவு சாதாரணம். பக்கத்தில் இரண்டு தடித்த பூஸ்டரோடு நின்றால் எல்விஎம்3, மெலிந்த உடம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன பூஸ்டர்கள் ஒட்டியிருந்தாலோ எதுவுமே ஒட்டாமல் இருந்தாலோ பிஎஸ்எல்வி. இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

சமூக ஊடகத்தில் வரும் படத்தை நேரலையில் நேராக ஏற்றாதீர்கள். நிலவு மண்ணில் ரோவர் சக்கரம் தேசியச் சின்னத்தைப் பதித்ததாகச் சுற்றிய தெளிவான படம் யாரோ வரைந்தது. அவ்வளவு கூர்மையாக, அவ்வளவு சீக்கிரமாக, நிறுவனத்தின் பக்கத்தில் இல்லாமல் ஒரு படம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

5. எண்களும் அடைமொழிகளும்

2003-ல் கொலம்பியா விண்வெளி ஓட விபத்தன்று ஒரு பெரிய அமெரிக்கச் சேனல், ஓடம் ஒளியின் வேகத்தைப்போல் சுமார் 18 மடங்கு வேகத்தில் போனதாகத் திரையில் எழுதியது. எழுத நினைத்தது ஒலியின் வேகம். அவசரத்தில் இது யாருக்கும் வரும், அதனால் எண்களை அவசரத்தில் எழுதக்கூடாது. நேரலைக்கு முன்பே பத்துப் பதினைந்து எண்களைச் சரிபார்த்து கிராஃபிக்ஸ் ஆளிடம் கொடுத்துவிடுங்கள், மற்றதைச் சொல்லவேண்டாம்.

சரிபார்க்க ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளி நிலையம் சுமார் 400 கிமீ உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிமீ வேகத்தில், அதாவது வினாடிக்கு 7.7 கிமீ அளவில் சுற்றுகிறது. பூமியைச் சுற்றுகிற எதற்காவது இதைவிடப் பல மடங்கு எண் வந்தால் எங்கோ தப்பு. நிமிடத்தையும் மணியையும் குழப்பியிருப்பார்கள்.

அப்புறம் எல்லா நேரலையிலும் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகள். 400 கிமீ உயரத்தில் புவியீர்ப்பு இல்லை என்பார்கள். தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது, கலமும் ஆட்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். நிலவின் 'இருண்ட பக்கம்' என்பார்கள். நமக்குத் தெரியாத மறுபக்கம் அது, அங்கேயும் வெயில் அடிக்கும். சந்திரயான்-3 'தென் துருவத்தில்' இறங்கியது என்பார்கள். இறங்கிய இடம் சுமார் 69 டிகிரி தெற்கு, தென் துருவத்துக்கு அருகிலுள்ள பகுதி என்பதே சரி. 'உலகிலேயே முதல்முறை' என்ற பிளேட் போடுவதற்கு முன் எதில் முதல் என்ற மிச்ச வாக்கியத்தை முழுசாக எழுதிப் பாருங்கள். பாதி நேரம் அந்த வாக்கியம் முடியவே முடியாது.

6. விருந்தினரைத் தேர்ந்தெடுப்பது

பெரிய பதவியில் இருந்தவரைவிட, சின்ன வாக்கியத்தில் பேசத் தெரிந்தவர் மேல். நேரலைக்கு முந்தைய நாள் போனில் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'சார், மூன்றாவது அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போது எதைப் பார்த்து நல்லபடியாகப் போகிறது என்று சொல்வீர்கள்?' பதில் முப்பது வினாடிக்குள் புரிகிற மாதிரி வந்தால் அவரைக் கூப்பிடுங்கள். தேசப் பெருமை பற்றி மூன்று நிமிடம் பேசினால் அடுத்த நாள் விவாத நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர் ஒருவர் போதும். நான்கு பெட்டியில் நான்கு முகம் போட்டால் ராக்கெட் ஐந்தாவது பெட்டிக்குப் போய்விடும். ஆங்கருக்கு விண்வெளி உடை மாட்டிவிடும் யோசனை யாருக்காவது வந்தால், விபத்து நடந்தால் அந்த உடையோடு அவர் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார் என்று மட்டும் கேளுங்கள்.

7. மூன்று ஒத்திகை, நல்லபடி நடப்பதை விட்டுவிட்டு

நல்லபடியாக நடப்பதற்கு ஒத்திகை தேவையில்லை, அது தானாக ஓடும். கவுன்ட்டவுன் நிற்பது, ஏவுதல் ரத்தாவது, பறக்கும்போது கெடுவது, இந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். பழைய பதிவு ஒன்றை ஸ்டுடியோவின் பெரிய திரையில் ஓடவிட்டு, பேனல் புரொடியூசர் டாக்பேக்கில் (ஆங்கர் காதில் கேட்கும் இணைப்பில்) திடீரென்று 'தொடர்பு அறுந்தது' என்று சொல்லட்டும்.

அந்த மூன்றுக்கும் ஆங்கர் மேஜையில் மூன்று அட்டை இருக்கட்டும். கெடுவதற்கான அட்டையில் நான்கே வரி: 'நாம் பார்த்தது இது. நிறுவனம் இதுவரை சொன்னது இது. காரணம் இன்னும் தெரியவில்லை. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள்' அல்லது 'இல்லை'. கடைசி வரி ரொம்ப முக்கியம். நடுவில் டிவியைப் போட்டவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கொண்டாட்ட பிளேட்டைத் தயாராக வையுங்கள், ஆனால் அதை ஏற்றும் பொத்தான் ஒரே ஒருவரிடம், அட்டவணையின் நான்காவது பத்தி நிறைவேறிய பிறகு மட்டும்.

8. கவுன்ட்டவுன் நின்றால்

நிற்கும். 2023 அக்டோபர் 21-ல் ககன்யான் சோதனை ஏவுதல் 8 மணிக்கு என்று ஆரம்பித்துத் தள்ளிக்கொண்டே போய், 5 வினாடி இருக்கும்போது கணினி நிறுத்தி, காலை 10 மணிக்குத்தான் கிளம்பியது. சந்திரயான்-2 முதல்முறை கிளம்பவேண்டிய 2019 ஜூலை 15 அதிகாலை, 56 நிமிடம் இருக்கும்போது ரத்தாகி, ஒரு வாரம் கழித்து 22-ம் தேதிதான் போனது. நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1, 2022-ல் இரண்டுமுறை ரத்தாகி நவம்பரில் கிளம்பியது.

புதியவர்கள் இதை உடனே 'பின்னடைவு' என்று எழுதுவார்கள். கணினி ஒரு கோளாறைக் கண்டு நிறுத்தியிருந்தால் அமைப்பு வேலை செய்தது என்று அர்த்தம். 'நிறுத்திவைப்பு' என்று மட்டும் போடுங்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது, ஏவுதல் சாளரம், அதாவது அன்றைக்கு ராக்கெட் கிளம்பக்கூடிய நேரம், எவ்வளவு நீளம் என்பது. விண்வெளி நிலையத்துக்குப் போகும் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரே நொடிதான். தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான், ஆங்கர் காத்திருக்கவேண்டாம். சாளரம் இரண்டு மணிநேரம் இருந்தால் நிரப்ப ஏதாவது வேண்டும். கடிகாரம் நின்றிருப்பதும் திட்டமிட்டதா திடீரென்றா என்று பாருங்கள். சில கவுன்ட்டவுன்களில் இடைநிறுத்தங்களை முன்பே சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அது தெரியாமல் பதறினால் வெட்கக்கேடு.

நிரப்புவதற்கு இரண்டு மூன்று நிமிட விளக்கத் துண்டுகளை முன்பே வெட்டி வைத்திருங்கள். ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

9. கிளம்பும் நொடியில் வாயை மூடுங்கள்

இதற்கு ஒரு பத்தி போதும் என்றாலும், எல்லோரும் தவறுவது இங்கேதான். கடைசிப் பத்து வினாடியிலிருந்து கோபுரத்தைத் தாண்டி இருபது முப்பது வினாடி வரை ஆங்கர், ரிப்போர்ட்டர், விருந்தினர் மூவரும் பேசக்கூடாது. கட்டுப்பாட்டு அறையின் குரலும் ஆம்பியன்ஸும் (தளத்தின் இயல்பான சத்தம்) மட்டும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், ராக்கெட்டைவிடப் பெரிய சத்தம் உங்கள் லைப்ரரியில் கிடையாது.

தளத்திலிருக்கும் கேமராவுக்குச் சத்தம் தாமதமாக வரும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். 5 கிமீ தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 15 வினாடி. படம் அமைதியாக எழும்பி, பிறகு அந்த இரைச்சல் மைக்கில் வந்து மோதுவதுதான் அந்த ஷாட்டின் சிறப்பு. ஆடியோ ஆள் 'சத்தம் வரவில்லை' என்று நினைத்து லெவலை ஏற்றிவிட்டால், வரும்போது உடைந்துபோகும். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. மேலே போகும்போது எதைப் பார்ப்பது?

இரண்டு நிமிடத்தில் ராக்கெட் கேமராவின் கண்ணுக்குப் புள்ளியாகிவிடும். பல சேனல்கள் அப்போதே ஸ்டுடியோவுக்கு வந்து வாழ்த்துப் பேட்டி ஆரம்பித்துவிடும். விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. 2025 மே 18-ல் பிஎஸ்எல்வி-சி61 முதல் இரண்டு அடுக்கும் ஒழுங்காகப் போய், மூன்றாவதில் கெட்டது. 2021 ஆகஸ்ட் 12-ல் ஜிஎஸ்எல்வி-எஃப்10-ன் கடைசி கிரையோஜெனிக் அடுக்கு எரியவே இல்லை. இரண்டும் வெறும் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில்.

அப்போது பார்க்கவேண்டியது வரைபடம். திட்டமிட்ட பாதை ஒரு கோடாக இருக்கும், உண்மைப் பாதை அதன்மேல் ஊர்ந்துகொண்டு வரும். இரண்டும் ஒட்டிப் போகும்வரை சரி. விலகினால் உடனே அறிவிக்காதீர்கள், ஆனால் பேச்சை நிறுத்தி அந்தக் கோட்டைத் திரையில் முழுசாகக் காட்டுங்கள், விருந்தினரிடம் 'என்ன பார்க்கிறீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். அடுத்தது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நார்மல்' என்றோ 'நாமினல்' என்றோ ஒரு குரல் வரும். எதிர்பார்த்தபடி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள், அமர்க்களமாக இருக்கிறது என்பது அல்ல. வரவேண்டிய இடத்தில் அந்தச் சொல் வராமல் அமைதி நீண்டால் அதுவே உங்களுக்குத் தகவல்.

படம் உறைவதைக் கண்டு பயப்படவேண்டாம். கப்பலில் வந்து இறங்கும் பூஸ்டரின் (ராக்கெட்டின் முதல் அடுக்கு) வீடியோ கடைசி நொடியில் அறுந்துபோவது உண்டு, அதிர்வில் சாட்டிலைட் இணைப்பு விட்டுப்போகும். வீரர்கள் பூமிக்குத் திரும்பும்போது கலத்தைச் சுற்றிச் சூடான பிளாஸ்மா படர்ந்து சில நிமிடம் தொடர்பே இருக்காது, அது அட்டவணையில் இருக்கும். எதிர்பார்த்த மௌனத்தையும் எதிர்பாராத மௌனத்தையும் பிரித்துச் சொல்வதுதான் நேரலை ஆளின் வேலையில் பாதி.

11. தரையிறக்கம்: காத்திருக்கத் தெரிய வேண்டும்

உயரம் சுழியம் என்று திரை காட்டினால் இறங்கிவிட்டதாக அர்த்தமில்லை. கலம் அனுப்பும் உயரம் என்பது, தான் இருப்பதாகக் கலம் நினைக்கும் உயரம். 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவன லேண்டர், நிலவிலிருந்து சுமார் 5 கிமீ மேலே இருக்கும்போதே தரையைத் தொட்டுவிட்டதாகக் கணக்குப் போட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது.

இறங்கிய பிறகும் பொறுங்கள். 2024 பிப்ரவரியில் ஒடிஸியஸ் என்ற தனியார் நிலவு லேண்டர் நிமிர்ந்து நிற்பதாக நிறுவனமே முதலில் சொன்னது, அடுத்த நாள் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதாகத் திருத்தியது. எனவே பிளேட்டில் 'இறங்கியது: நிறுவனம் அறிவிப்பு' என்று, சொன்னவரையும் சேர்த்துப் போடுங்கள். பிறகு திருத்தம் வந்தாலும் உங்கள் வாக்கியம் பொய்யாகாது.

12. கெட்டுவிட்டது என்றால்

முதலில் கேமராவை மாற்றாதீர்கள். என்ன நடந்தது என்று தெரியாதவரை அகலமான ஷாட்டிலேயே இருங்கள். பார்வையாளர் மாடத்தில் நிற்கும் வீரர்களின் குடும்பத்தாரிடம் போகவே போகாதீர்கள். 1986-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதைந்தபோது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தினரின் முகங்கள் படமாகி உலகமெங்கும் திரும்பத் திரும்ப ஓடின. அந்தப் படத்தால் யாருக்கும் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

அதே நேரலையிலிருந்து இன்னொரு பாடம். 73-வது வினாடியில் ஓடம் சிதைந்த பிறகும் நாசாவின் வர்ணனையாளர் சில வினாடி வேகத்தையும் உயரத்தையும் வாசித்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவர் கண் தரவுத் திரையில் இருந்தது. உங்கள் ஆங்கருக்கு எதிரே படமும் எண்ணும் ஒரே இடத்தில் தெரியும்படி மானிட்டரை வையுங்கள்.

வார்த்தைகளைக் கவனியுங்கள். 'வெடித்தது' என்று உடனே வாய் போகும். சேலஞ்சரே காற்றின் விசையில் சிதைந்ததுதான், விசாரணையில்தான் அது தெளிவானது. 'சிதைந்ததுபோல் தெரிகிறது' என்பது நீங்கள் கண்டதைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. இதேபோல், ஸ்டார்லைனர் கலத்தில் போன சுனிதா வில்லியம்ஸும் வில்மோரும் விண்வெளி நிலையத்தில் தங்கியபோது 'சிக்கித் தவிப்பு' என்று மாதக்கணக்கில் ஓட்டினார்கள். எட்டு நாள் போலத் திட்டமிட்ட பயணம் ஒன்பது மாதத்துக்கு மேல் நீண்டது உண்மை. ஆனால் அவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவசரமென்றால் திரும்ப வழியும் வைத்திருந்தார்கள். 'பயணம் நீட்டிப்பு' என்று போட்டால் பரபரப்பு குறையும், சரியாக இருக்கும்.

நிறுவனம் பேசாமல் போனால் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். கொலம்பியா தொலைந்த அன்று கட்டுப்பாட்டு அறையின் கதவுகளைப் பூட்டச் சொன்னார்கள், தரவு எதுவும் அழியாமல் இருக்க. அது நடைமுறை. அந்த மௌன நேரத்தில் விருந்தினரைக் காரணம் சொல்லத் தூண்டாதீர்கள். 'இந்தக் கட்டத்தில் வழக்கமாக என்ன நடக்கவேண்டும்?' என்று கேட்டால் அவரும் தப்பிப்பார், நீங்களும் தப்பிப்பீர்கள். அந்தச் சிதைவுக் காட்சியை ஓரத்துப் பெட்டியில் சுற்றிச் சுற்றி ஓடவிடும் பழக்கத்தையும் அன்றைக்கு விடுங்கள். வேண்டிய இடத்தில் ஒருமுறை, நேரம் போட்டு.

13. முடிந்த மறுநாள்

தவறாகப் போன எதையும் அடுத்த புல்லட்டினிலேயே ஆங்கர் வாயால் திருத்துங்கள். டிக்கரை மட்டும் சத்தமில்லாமல் மாற்றினால் போதாது, ஏனென்றால் வெட்டிய துண்டு ஏற்கெனவே போன்களில் சுற்ற ஆரம்பித்திருக்கும். சேனலின் யூடியூப் பக்கத்தில் 'வெற்றி' தலைப்போடு ஏறிய வீடியோக்களைத் தேடித் தலைப்பை மாற்றுங்கள். இதைப் பொறுப்பாக ஒருவரிடம் கொடுக்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

பதிவை உட்கார்ந்து பார்த்து, ஆங்கர் 'தற்போது கிடைத்த தகவல்படி' என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று குறியுங்கள். பதில் இல்லாத இடங்கள்தான் அடுத்த ஒத்திகைக்கான பட்டியல். அன்றைய ஃபீடை ராக்கெட் பெயர், தேதி, படத்தின் வகை மூன்றும் போட்டு லைப்ரரியில் சேர்த்துவிட்டு, செயற்கைக்கோள் தன் கடைசிப் பாதைக்குப் போய்ச் சேரும் தேதியை டெஸ்க் காலண்டரில் குறித்து, அன்றைக்கு யார் நிறுவனத்துக்குப் போன் போடவேண்டும் என்று பக்கத்தில் பெயரும் எழுதுங்கள்.